அக்காவின் போனில் நான் அழுத்திய 'வேண்டாம்'

நான் வேலை செய்த அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். புத்தளத்தில் இருக்கிறது, கடலையொட்டிய களப்பிலிருந்து காற்று அடித்தால் கோப்புகள் பறக்கும். அவ்வளவு தெரிந்தால் போதும். அதன் முன் கவுண்டரில் பதினொரு வருடம் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிங்களத்திலும் அக்காவுக்கு அக்காதான் என்பதால் அந்தச் சொல்லில் எங்களுக்குள் ஒரு கரைச்சலும் வரவில்லை. என்னை அவர் நங்கி என்பார். தங்கச்சி என்று அர்த்தம்.

அந்தப் பதினொரு வருடமும் அவர் என்னோடு சிங்களத்தில் மட்டும் கதைத்தார். நான் அவரோடு தமிழில் மட்டும் கதைத்தேன். அவர் சொல்வது எனக்கு ஒன்றுவிடாமல் விளங்கும். நான் சொல்வது அவருக்கு விளங்கும். ஆனால் அவர் வாயில் தமிழோ என் வாயில் சிங்களமோ வந்தது கிடையாது. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். எங்கள் கரையில் இது ஒரு புதினமும் இல்லை. மீன் வாடியில் போய் நின்றால் பாதிப் பேர் இப்படித்தான் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை கொழும்பிலிருந்து பரிசோதனைக்கு வந்த ஒரு பெரிய மனிசன் எங்களை அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்த ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்று கேட்டாராம். நாங்கள் அப்போது கத்தரிக்காய்க்குப் பழப்புளி விடுவதா தேசிக்காய் விடுவதா என்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

கவுண்டரிலும் இதே ஒழுங்குதான். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் என்று பிரதி எடுக்க வருகிறவர்கள் தமிழ் என்றால் என் பக்கம், சிங்களம் என்றால் அக்கா பக்கம். மாப்பிள்ளை ஒரு மொழி பெண் ஒரு மொழி என்று வந்தால் நடுவில் நிற்பாட்டி இரண்டு பேரும் கவனிப்போம். எங்கள் இருவரையும் சேர்த்தால் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு நல்ல உத்தியோகத்தர் கிடைப்பார். அரசாங்கம் இரண்டு சம்பளம் கொடுத்ததுதான் பிழை போலிருக்கிறது.

ஒரு நாள் எங்கள் மேலதிகாரி எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் அவரை சேர் என்போம். நல்ல மனிசன், ஆனால் யோசிக்கச் சொன்னால் அவருக்குத் தலையிடி வரும். மேலிடத்திலிருந்து வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: இனி ஒரு கவுண்டர், ஒரு உத்தியோகத்தர், இரண்டு மொழி. மூன்று மாதத்தில் இரண்டாம் மொழி வாய்மொழிப் பரீட்சை இருக்கிறது. நான் சிங்களத்திலும் அக்கா தமிழிலும் தோற்ற வேண்டும். சித்தியடைகிறவர் கவுண்டரில் இருப்பார். மற்றவர் வண்ணாத்திவில்லுக் கிளைக்கு.

"ரெண்டு பேரும் பாஸானா?" என்று கேட்டேன்.

"புள்ளி கூட எடுத்தவ இருப்பா."

"ரெண்டு பேரும் பெயிலானா?"

சேர் நெற்றியைத் தடவினார். "அதை அப்ப பாப்பம்" என்றார்.

இடமாற்றம் என்றால் என்ன என்பதை விளக்கிவிட வேண்டும். என் வீடு கற்பிட்டியில். புத்தளத்துக்கு வரவே பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வண்ணாத்திவில்லு என்றால் புத்தளத்தில் இறங்கி வடக்கே இன்னொரு பஸ். வரைபடத்தில் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, களப்புக்கு அந்தப் பக்கம். நான் கலியாணம் கட்டிய மனிசன் மீன்பிடிகாரர். விசயத்தைச் சொன்னதும் வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "அதுக்கென்ன, வள்ளத்தில கொண்டுபோய் விடுறன். அங்கால இறங்கி நட" என்றார். சாரியோடு நான் வள்ளத்தில் போய் இறங்குவதை நினைத்து அந்த மனிசன் இரண்டு நாள் சிரித்தார்.

எனக்குக் கஷ்டம்தான். ஆனால் அக்காவுக்கு அது கஷ்டம் என்ற கணக்கில் வராது. அவர் சிலாபம் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவர். முழங்கால் இரண்டும் சரியில்லை. ரயிலுக்குப் பிறகு வண்ணாத்திவில்லு பஸ்ஸும் ஏறினால் அலுவலகம் பூட்டுகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேருவார். பென்சனுக்கு நாலு வருடம் இருந்தது. "மாத்தினா நான் எழுதிக் குடுத்துட்டு வீட்ட போயிடுவன் நங்கி" என்று சிங்களத்தில் சொன்னார். பகிடிக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னது எனக்கு நன்றாக விளங்கியது. பிறகு நான் செய்த காரியத்தைச் சொல்லும்போது நீங்கள் இதை மறந்துவிடக் கூடாது என்றுதான் இப்போதே எழுதிவைக்கிறேன்.

பரீட்சைக்கு வகுப்பு இருந்தது, ஆனால் சனி ஞாயிறு. எனக்கு ஞாயிறு மாதா கோயிலில் பூசை, சனி கருவாடு காயவைக்கிற வேலை. ஆகவே போனில் ஒரு செயலியை இறக்கினேன். சொல் படிக்கிற செயலி. ஒரு அட்டை வரும், அதில் அக்காவின் வாயில் ஒருநாளும் வராத ஏட்டுச் சிங்களச் சொல் இருக்கும். அர்த்தம் மனதில் வந்ததா என்று யோசித்துவிட்டுத் 'தெரியும்' அல்லது 'தெரியாது' என்று அழுத்த வேண்டும். தெரியாத சொல் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வரும். தெரிந்த சொல் மூன்று நாள் கழித்து, பிறகு பத்து நாள் கழித்து, பிறகு கலியாண வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி எப்போதாவது தலையைக் காட்டும். மறக்கப் போகிற நேரம் பார்த்துச் சரியாக வந்து நிற்குமாம். அப்படி விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு முயல். நாள் தவறாமல் படித்தால் முயல் சிரிக்கும். ஒரு நாள் விட்டால் அழும். இரண்டு நாள் விட்டால் ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போகும். நாற்பத்தாறு வயதில், ரெண்டு பிள்ளைகளைப் படிப்பித்துக் கரைசேர்த்த நான், ஒரு முயல் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக விடியற்காலையில் அடுப்படியில் நின்று போனைத் தடவினேன்.

அந்த முயலைச் சிரிக்க வைக்க நான் செய்த திருகுதாளத்தையும் சொல்ல வேண்டும். தெரியாத சொல் வந்தாலும் 'தெரியும்' என்று அழுத்தினேன். முதலில் ஒன்றிரண்டு. பிறகு அவசரத்தில் பஸ்ஸில் இருந்துகொண்டு தடதடவென்று எல்லாமே 'தெரியும்'. செயலி பாவம், என்னை நம்பியது. "அபாரம்! நீங்கள் மேல்நிலைக்கு வந்துவிட்டீர்கள்" என்று நட்சத்திரம் பறக்கவிட்டது. நானும் என்னை நம்பத் தொடங்கிவிட்டேன், அதுதான் வெட்கக்கேடு.

என் மனிசனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. கடலில் படித்தது. சிலாபத்துக்காரர்களோடு வலை இழுத்துப் படித்த சிங்களம், அதில் காற்று இருக்கும், மீன் இருக்கும், வீட்டில் சொல்லக் கூடாத நாலைந்தும் இருக்கும். ஒரு நாள் என் போன் ஒரு வசனத்தைச் சொல்லியது. 'என் மாமாவின் யானை ஆற்றில் குளிக்கிறது' என்பதை நல்ல தூய சிங்களத்தில் சொல்லியது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர்ட யானை?"

"மாமாட."

"எந்த மாமாட?"

"ஐயோ, இது பாடம். சும்மா இருங்க."

"இந்தச் சிங்களத்தைக் கதைச்சா சிலாபத்தில உன்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவானுகள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அவருக்குப் பிளேன்டீக்குச் சீனி போடாமல் கொடுத்தேன்.

இனி நான் செய்த காரியம்.

செயலியைப் பற்றி அக்காவிடம் நானே சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன். அக்காவின் போன் கண்ணாடி வெடித்து, மூடியை ரப்பர் பட்டி போட்டுக் கட்டிய போன். அதில் அழைப்பு எடுப்பதையும் புத்தர் படம் அனுப்புவதையும் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது. "அனே நங்கி, எனக்கும் போட்டுத் தா" என்று போனை என் கையில் வைத்துவிட்டுத் தண்ணி குடிக்கப் போனார். நான் இறக்கினேன், மொழியைத் தெரிவு செய்தேன், பெயரைப் போட்டேன். கடைசியில் ஒரு கேள்வி வந்தது: 'தினமும் உங்களுக்கு நினைவூட்டவா?'

இந்தச் செயலிகளின் உயிரே அந்த நினைவூட்டல்தான். அது இல்லாவிட்டால் அக்காவைப் போன்ற ஒருவர் இரண்டு நாளில் செயலி இருப்பதையே மறந்துவிடுவார். இது எனக்குத் தெரியும். அவருடைய முழங்காலும் தெரியும், நாலு வருடமும் தெரியும். கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். 'வேண்டாம்' என்று அழுத்தினேன்.

"சரியா?" என்று கேட்டுக்கொண்டு அக்கா வந்தார்.

"ஓம் அக்கா, எல்லாம் சரி" என்றேன்.

முதல் வாரம் அவர் ஞாபகமாகப் படித்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், "இண்டைக்கு மாத்திக் கதைப்பம்" என்றார். அவர் தமிழில், நான் சிங்களத்தில். பயிற்சிக்கு. நான் சம்மதித்தேன். அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டு, "நான் உணவு உண்ண வந்துள்ளேன். தாங்கள் உணவு உண்டீர்களா?" என்றார். கோயில் அறிவித்தல் கேட்பது போலிருந்தது. நான் என் பங்குக்கு ஒரு சிங்கள வசனத்தை எடுத்துவிட்டேன். வானொலிச் செய்தி வாசிக்கிறவர் முன்னால் உட்கார்ந்துவிட்டதைப் போல அக்கா என்னைப் பார்த்தார். பிறகு இருவருக்கும் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சோற்றைக் குழைத்தோம், தின்றோம், கையைக் கழுவினோம். பதினொரு வருடத்தில் நாங்கள் வாய் திறக்காமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அடுத்த நாள் அவர் சிங்களத்துக்கும் நான் தமிழுக்கும் திரும்பிவிட்டோம். முந்திய நாள் கதையையும் சேர்த்துக் கதைத்ததில் சேர் இரண்டு தரம் வெளியே வந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு அக்கா செயலியைத் திறந்ததாகத் தெரியவில்லை. நினைவூட்ட ஆள் இல்லையே. நானும் கேட்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், "அக்கா, ஆப் பாத்தீங்களா" என்று. கேட்கவில்லை.

என் முயல் மட்டும் ஒரு நாளும் விடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், எல்லோரும் முழங்காலில் இருக்கிற நேரம், கோயிலே அமைதியாய் இருக்கிற நேரம், என் கைப்பையிலிருந்து அந்த முயல் சிங்களத்தில் சத்தமாக, "என்னை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்டது. முன் வரிசைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். நான் பையைச் சாரித் தலைப்பால் மூடி நெஞ்சோடு அமத்திக்கொண்டேன். அது உள்ளே இருந்து இரண்டாம் தரமும் கேட்டது.

எனக்கு அது முயலின் குரலாகக் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், மனிசனுக்குச் சீனி போடாதது என்று சின்னதில் தொடங்கி, கடைசியில் சொன்னேன்.

"ஃபாதர், ஒரு ஆளின்ட போன்ல நினைவூட்டலை வேணுமெண்டு நிப்பாட்டிப்போட்டன்."

தட்டிக்கு அந்தப் பக்கம் கதிரை முன்னுக்கு இழுபட்டது. ஃபாதர் இளம் வயதுக்காரர்.

"என்ன நினைவூட்டல் பிள்ளை?"

விளக்கினேன். செயலி, அட்டை, பரீட்சை, அக்காவின் முழங்கால், எல்லாம்.

"போன ஞாயிறு சத்தம் போட்டதும் அதுதானோ?"

"ஓம் ஃபாதர்."

"அது... சிங்களம் நல்லாப் படிப்பிக்குதோ?" என்று கேட்டார். அவருக்கு மாதத்தில் ஒரு சிங்களப் பூசை இருக்கிறது. பிரசங்கம் வைக்கப் பயந்து வாசகத்தோடு முடித்துவிடுகிற ஆள். பாவம் கேட்கிற இடத்தில் செயலியின் பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த அக்காட்ட போய்ச் சொல்லு. அதுதான் உனக்குப் பரிகாரம்" என்றார்.

நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மூன்று செபமாலை சொன்னேன். கணக்குச் சரிதானே என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் கவுண்டரில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அக்கா தமிழ்ச் சனத்தையும் தன் பக்கம் கூப்பிடத் தொடங்கினார். கற்பிட்டி வெங்காயத் தோட்டத்துப் பெண்கள், புத்தளத்து முஸ்லிம் உம்மாமார், உடப்பு மீன்காரிகள், ஆர் வந்தாலும் கையைக் காட்டிக் கூப்பிடுவார். அவர்கள் சொல்லும் சொல்லைத் திரும்பச் சொல்லுவார். பிழையாகச் சொன்னால் அவர்கள் கவுண்டரில் தட்டிச் சிரிப்பார்கள். அக்காவும் கூடச் சிரிப்பார். அடுத்த ஆளிடம் அதே சொல்லை எடுத்து விடுவார். அந்தச் சனத்துக்கு இது பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. என் பக்கம் வரிசை இல்லாமல் இருக்கும், அவர் பக்கம் எட்டுப் பேர் நிற்பார்கள். ஒரு உம்மா தன் பேரப்பிள்ளையின் பதிவுக்கு வந்து, வேலை முடிந்த பிறகும் கால் மணித்தியாலம் நின்று, "இன்னொருக்காச் சொல்லுங்க மிஸ், சரியா வரேல்ல" என்று அக்காவைப் படிப்பித்துவிட்டுத்தான் போனார்.

நான் என் கதிரையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மேசைக்குக் கீழே போனில் 'தெரியும், தெரியும், தெரியும்' என்று அழுத்திக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

பரீட்சை புத்தளத்தில் ஒரு மண்டபத்தில். தமிழுக்கு ஒரு அறை, சிங்களத்துக்கு ஒரு அறை. அக்கா போகும்போது என் கையைப் பிடித்து, "பயப்படாத" என்று சிங்களத்தில் சொன்னார். என் முயல் அன்றைக்குத் தொப்பி போட்டிருந்தது. எண்பத்தொன்பது நாள் விடாமல் படித்ததற்குப் பரிசு.

என் அறையில் இரண்டு பேர். கேள்வி கேட்க ஒரு சிங்கள அம்மா, பக்கத்தில் புள்ளி போட ஒரு இளம் உத்தியோகத்தர். அந்த அம்மா அக்காவின் வயசு. அதே மாதிரிக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். சிரித்த முகம். சிங்களத்தில் கேட்டார்: "நீங்கள் வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஆரோடு வேலை செய்கிறீர்கள்?"

கேள்வி முழுக்க விளங்கியது. எனக்குப் பயமெல்லாம் பறந்துவிட்டது. தொடங்கினேன். என்னடாப்பா, நாக்கு வழுக்கிக்கொண்டு போகிறது! கவுண்டரைச் சொன்னேன், சான்றிதழைச் சொன்னேன், ஒரே நாளில் இரண்டு பெண்களுக்கு விவாகச் சான்றிதழ் எடுக்க வந்த மாப்பிள்ளையின் கதையைச் சொன்னேன். அந்த அம்மா தலையாட்டிச் சிரித்தார். அக்காவைப் பற்றிச் சொன்னேன். ரயிலில் வருவது, முழங்கால், பென்சனுக்கு நாலு வருடம் இருப்பது, எனக்கு டெங்கு வந்தபோது கற்பிட்டி ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிக் கஞ்சி கொண்டு வந்தது. அந்த அம்மாவின் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. இப்படி ஒரு பரீட்சையை நான் என் வாழ்நாளில் எழுதியதில்லை, பேசியதுமில்லை. பக்கத்திலிருந்த இளம் உத்தியோகத்தர்தான் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

நான் மூச்சு விட்டதும் அந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நல்ல தமிழில், "மிக அருமையாச் சொன்னீங்க. எனக்கு எல்லாம் விளங்கினது. ஆனா மிஸ், இது சிங்களப் பரீட்சை" என்றார்.

பத்து நிமிடமும் நான் தமிழில் கதைத்திருக்கிறேன்.

ஒரு சிங்களப் பெண்மணி முன்னால் இருந்து சிங்களத்தில் கேட்டுத் தலையாட்டினால் தமிழில் பதில் சொல்லுவது என்று என் வாய்க்குப் பதினொரு வருடப் பழக்கம். வாய் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதற்குப் பரீட்சை என்று ஆர் சொன்னது?

"இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு. சிங்களத்தில ஏதாவது சொல்லுங்க" என்றார் அந்த அம்மா, இரக்கத்தோடு. 'தெரியும்' என்று நான் அழுத்திய அத்தனை சொல்லையும் தேடினேன். ஒன்று கூட இல்லை. கடைசியில் தூய சிங்களத்தில் ஒரே ஒரு வசனம் வந்தது: "என் மாமாவின் யானை ஆற்றில் குளிக்கிறது."

அந்த அம்மா முன்னால் குனிந்தார். "உங்கள் மாமாவுக்கு யானை இருக்கிறதா?" என்று சிங்களத்தில் ஆவலாகக் கேட்டார்.

"இல்ல மெடம், மாமா மீன்பிடிகாரர்" என்றேன். அதுவும் தமிழில்.

வெளியே வந்தேன். அக்கா எனக்கு முன்னால் முடித்துவிட்டு மரத்தடியில் நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எப்பிடி?" என்று கேட்டார். "பரவாயில்ல" என்றேன்.

பெறுபேறு வந்தது. அக்கா சித்தியடைந்திருந்தார், நல்ல புள்ளி. நான் எத்தனை புள்ளி என்று கேட்காதீர்கள். யானைக்கு ஏதோ போட்டிருந்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு வண்ணாத்திவில்லு பஸ் ஏறியிருப்பேன். ஆனால் அந்தப் பரீட்சை அம்மா சேருக்குத் தெரிந்தவராம். போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: உங்கள் உத்தியோகத்தர் வந்தார், சிங்களக் கேள்வியெல்லாம் நன்றாக விளங்குகிறது, ஆனால் பத்து நிமிடமும் தமிழில்தான் கதைத்தார், தன் சிநேகிதியின் முழங்காலைப் பற்றியும் பென்சனைப் பற்றியும் கதைத்தார். சேருக்கு அன்றைக்கு மட்டும் தலையிடி இல்லாமல் யோசனை வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு, "அவ உங்களுக்காக வேணுமெண்டே பெயிலாகியிருக்கிறா" என்று சொல்லிவிட்டார்.

அக்கா அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார், அந்த முழங்காலோடு. கவுண்டரில் பதினைந்து பேர் நிற்க, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். வெங்காயத் தோட்டத்துப் பெண் ஒருத்தி ஏன் என்று தெரியாமலே கூட அழுதாள். "இல்ல அக்கா, அப்பிடி இல்ல" என்றேன். "பாருங்க, சொல்லவும் மாட்டா" என்றார் சேர்.

அன்றிலிருந்து நான் புனிதராகிவிட்டேன். எனக்குப் பிளேன்டீ மேசைக்கு வந்தது. அக்கா தினமும் எனக்கென்று போலொஸ் கறி சமைத்துக்கொண்டு வந்தார். பிஞ்சுப் பலாக்காயில் அவர் வைக்கிற அந்தக் கறிக்கு நான் உயிரை விடுவேன், ஆனால் அந்தக் கிழமை ஒரு வாய் இறங்கவில்லை. பிரியாவிடையில் சேர் தியாகம் என்ற சொல்லை ஐந்து தரம் சொன்னார். மாலை போட்டார்கள். மாலையோடு நான் நின்ற படத்தைப் பார்த்த என் மனிசன், "ஆர் செத்தது?" என்று கேட்டார்.

பிரியாவிடை முடிந்து அக்கா தன் ரயிலை விட்டுவிட்டு என்னோடு பஸ் நிலையத்துக்கு வந்தார். என் மேசை லாச்சியில் இருந்த சாமானெல்லாம் ஒரு சொப்பிங் பையில். கற்பிட்டி பஸ் இன்னும் வரவில்லை. மர வாங்கில் உட்கார்ந்தோம். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். தமிழில். அந்த உணவு உண்ட தமிழில் இல்லை, கவுண்டரில் படித்த தமிழில்.

"நங்கி, நீ எனக்காகத் தோத்த. என்ட கூடப் பிறந்தது கூட எனக்கு இப்பிடிச் செய்யாது. சாகும் வரைக்கும் மறக்க மாட்டன்."

எனக்குத் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்தேன். அக்கா தமிழை எடுத்துக்கொண்டாரல்லவா, அப்போது என் வாய்க்கு மிஞ்சியிருந்தது மற்றது. சிங்களம் வந்தது. செயலியின் சிங்களம் இல்லை. பதினொரு வருடம் பக்கத்துக் கதிரையிலிருந்து என் காதுக்குள் விழுந்த அக்காவின் சிங்களம், அவருடைய இழுப்போடு, அவருடைய 'அனே' என்ற அங்கலாய்ப்போடு வந்தது.

நான் தோற்றது உங்களுக்காக இல்லை அக்கா, என்றேன். உங்களை வெல்லத்தான் போனேன். வாய் பழக்கத்தில் தமிழைப் பேசிவிட்டது. உங்கள் போனில் அந்த நினைவூட்டலை நிற்பாட்டினது நான். தெரிந்துகொண்டே நிற்பாட்டினேன். உங்கள் முழங்காலைத் தெரிந்துகொண்டு, நாலு வருடத்தைத் தெரிந்துகொண்டு செய்தேன். மூன்று மாதமாக உங்கள் முகத்தைப் பார்த்துச் சோறு தின்றேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓரிடத்தில் கூடத் தடக்கவில்லை. மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான்.

 அக்கா கைப்பையிலிருந்து அந்த ரப்பர் பட்டி போட்ட போனை எடுத்துப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்தார். சாரித் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு தமிழில், நிதானமாக, சொன்னார்:

"இப்பிடிப் பரீட்சையில கதைச்சிருந்தா நீ பாஸ், நங்கி."

நான் ஓவென்று அழுதுவிட்டேன். வெட்கம், ஆறுதல், எரிச்சல், எது என்று பிரிக்கத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கற்பிட்டி பஸ் வந்து நின்றது. நடத்துனர் கத்தினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். அக்கா பையின் மற்றப் பிடியை எட்டிப் பிடித்தார்.

"எங்க போற? இரு. நான் இன்னும் ஏசத் தொடங்கேல்ல."

பஸ் போய்விட்டது. அடுத்தது வர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அக்காவுக்கு அது போதவில்லை.